ஒற்றர் நாவல் தொடருக்குத் துணைக் கையேடு தயாரித்தல்: முழுமையான வழிகாட்டி

ஒற்றர் நாவல் தொடர் ஒன்றைப் படித்து வருபவர், நான்காவது புத்தகத்தில் ஒரு பெயரைக் கண்டு இதை முன்பே பார்த்திருக்கிறோமே என்று நினைக்கிறார். முதல் மூன்று புத்தகங்களையும் புரட்டித் தேடுகிறார். அகப்படாமல் போகவே படிப்பதையே நிறுத்திவிடுகிறார். அந்த நேரத்தில் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டியதுதான் துணைக் கையேடு. பாத்திரங்கள், சங்கேதப் பெயர்கள், இடங்கள், துறைச் சொற்கள், நிகழ்ச்சிகளின் கால வரிசை ஆகியவற்றை, படிப்பவரின் சுவையைக் கெடுக்காமல் எடுத்துத் தருவது அதன் வேலை.

செங்கோட்டையில் எங்கள் வாசகர் வட்டத்தினர் எட்டுப் பேர் சேர்ந்து இரண்டு தொடர்களுக்கு இத்தகைய கையேடு தயாரித்திருக்கிறோம். எங்களில் பாதிப் பேர் தமிழ் வழியில் படித்தவர்கள். மற்றவர்கள் புளியரைக்கு அப்பால் ஆரியங்காவிலும் தென்மலையிலும் மலையாள வழியில் படித்த தமிழர்கள். முதல் கையேட்டைப் பாதியில் கலைத்துவிட்டு மறுபடியும் தொடங்க நேர்ந்தது. கீழே உள்ள படிகளின் வரிசை அந்த அனுபவத்தில் அமைந்தது. வரிசையை மாற்றினால் வேலை இரட்டிக்கும்.

1. தொடங்குவதற்கு முன் சேர்க்க வேண்டியவை

முதலில், தொடரின் எல்லாப் புத்தகங்களும் கையில் இருக்க வேண்டும். ஒன்பதில் ஏழு இருக்கிறது, மீதி இரண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. லென் டெய்ட்டனின் பெர்னார்ட் சாம்சன் தொடரில் 1983 முதல் 1996 வரை ஒன்பது நாவல்கள் உள்ளன. முதல் ஐந்தையும் கதாநாயகரான சாம்சனே தன் வாயால் சொல்கிறார். 1990-இல் வந்த ஆறாவது நாவலான 'ஸ்பை சிங்கர்' படர்க்கைக்கு மாறி, முன்பே சொல்லப்பட்ட ஆண்டுகளை வேறொரு பக்கத்திலிருந்து மறுபடியும் நடத்திக் காட்டுகிறது. அந்த ஒரு நூல் இல்லாமல் முதல் ஐந்துக்கும் எழுதிய குறிப்புகள் பிறகு திருத்தவே முடியாத அளவுக்குக் கோணலாகிவிடும்.

அடுத்து, பெயருக்கு ஒன்றாகக் குறிப்பெழுத அஞ்சலட்டை அளவில் வெட்டிய கனமான அட்டைகள் முந்நூறு, கால வரிசைக்கு ஒரு நீள நோட்டு, நீலத்திலும் சிவப்பிலும் பேனா, துண்டுச் சீட்டு ஒரு கட்டு ஆகியவை வேண்டும். கணினியில் நேரடியாக அட்டவணை போட்டால் என்ன என்று பலர் கேட்பார்கள். கணினியில் எழுதும்போது ஒருவர் எழுதியதை இன்னொருவர் வெட்டி ஒட்டிவிடுகிறார். யார் எந்த நூலிலிருந்து எடுத்தார் என்பது மறைந்துவிடுகிறது. அட்டையில் கையெழுத்தே சாட்சி. கணினி பத்தாம் படியில் வரும்.

கால அளவையும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நாவல்களை இருமுறை படித்து, அட்டை எழுதி, சரிபார்த்து முடிக்க, வாரம் ஒருநாள் கூடிய எங்களுக்குப் பதினொரு மாதம் பிடித்தது.

2. தொடரின் எல்லையையும் பதிப்பையும் முடிவு செய்தல்

எது தொடரைச் சேர்ந்தது, எது சேராது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். இயான் ஃப்ளெமிங் எழுதிய ஜேம்ஸ் பாண்ட் நூல்கள் 1953 முதல் 1966 வரை வெளிவந்த பதினான்கு: நாவல்கள் பன்னிரண்டு, சிறுகதைத் தொகுதிகள் இரண்டு. அவருக்குப் பின் வேறு பலர் எழுதியவற்றைச் சேர்ப்பதா என்பது உங்கள் விருப்பம். ஆனால் பாதி வழியில் அந்த விருப்பத்தை மாற்றக்கூடாது.

பாண்ட் தொடரில் திரைப்படம் வந்து குழப்பும். 'டாக்டர் நோ' படமாக வந்த வரிசையில் முதலாவது, 1962. நாவலாக அது ஆறாவது, 1958. ஸ்பெக்டர் என்னும் அமைப்பு படங்களில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. நாவல்களில் அது தலைகாட்டுவது 1961-இல் வந்த 'தண்டர்பால்' நூலில்தான். எங்கள் வட்டத்தில் ஒருவர் டாக்டர் நோவின் அட்டையில் ஸ்பெக்டரை எழுதிவிட்டு, புத்தகத்தில் படித்ததாகவே சத்தியம் செய்தார். தொலைக்காட்சியில் பார்த்தது மனத்தில் புத்தகமாகப் பதிந்திருந்தது. ஆகவே விதி ஒன்றுதான்: அத்தியாயத்தைச் சுட்ட முடியாத எதுவும் அட்டையில் ஏறக்கூடாது.

பதிப்பைப் பொறுத்தவரை, திருநெல்வேலியிலும் திருவனந்தபுரத்திலும் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஒரே நாவல் இரண்டு பெயர்களில் கிடைக்கலாம். ஃப்ளெமிங்கின் முதல் நாவலான 'கசினோ ராயல்' அமெரிக்க மலிவுப் பதிப்பில் 'யூ ஆஸ்க்ட் ஃபார் இட்' என்றும், மூன்றாவதான 'மூன்ரேக்கர்' அதேபோல் 'டூ ஹாட் டு ஹேண்டில்' என்றும் வந்தன. பட்டியலில் இல்லாத நூல் கிடைத்துவிட்டதென்று மகிழ்வதற்கு முன் முதல் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

பக்க எண்ணைச் சான்றாகக் கொடுக்காதீர்கள். பதிப்புக்குப் பதிப்பு அது மாறும். நூலின் வரிசை எண், அத்தியாய எண் ஆகிய இரண்டும் போதும்: மூன்றாம் நூல் பன்னிரண்டாம் அத்தியாயம் என்றால் 3:12.

3. எந்த வரிசையில் படிப்பது

வெளிவந்த வரிசையில் படியுங்கள். கதை நடக்கும் கால வரிசையைத் தனி அட்டவணையாகக் கையேட்டின் கடைசியில் கொடுங்கள். ஆசிரியர் எந்த இரகசியத்தை எப்போது அவிழ்க்கிறார் என்பது வெளியீட்டு வரிசையில்தான் அடங்கியிருக்கிறது.

டெய்ட்டனின் 'வின்டர்' என்னும் நாவல் 1987-இல், சாம்சன் தொடரின் மூன்றாம் நூலுக்கும் நான்காம் நூலுக்கும் நடுவே வந்தது. கதை நடப்பதோ 1899 முதல் 1945 வரை. ஆண்டுக் கணக்கைப் பார்த்து அதை முதலில் படிக்கச் சொன்னால், யாரென்றே தெரியாதவர்களின் முந்தைய தலைமுறையைப் படித்துக்கொண்டிருப்போம். ஜான் லெ காரே 2017-இல் எழுதிய 'எ லெகசி ஆஃப் ஸ்பைஸ்' தன்னுடைய 1963-ஆம் ஆண்டு நாவலின் நிகழ்ச்சிகளுக்கே திரும்பிச் செல்கிறது. பழையதைப் படிக்காமல் புதியதைத் திறந்தால் இரண்டும் கெடும்.

4. முதல் வாசிப்பில் சீட்டு மட்டும்

முதல்முறை படிக்கும்போது அட்டையைத் தொடக்கூடாது. பேனாவைக் கையில் பிடித்துப் படிப்பவர் கதையை நம்பமாட்டார். ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார். ஒற்றர் கதையில் முதலில் ஏமாறுவது வாசகரின் கடமை.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டும். எந்தப் பக்கத்தில், நாம் இதுவரை நினைத்திருந்தது தவறு என்று தெரிகிறதோ அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகி, ஒரே வரியில் முன்பு என்ன நினைத்திருந்தீர்கள் என்பதை எழுதுங்கள். "இந்தப் பெண்மணி அவருடைய தங்கை என்று நினைத்திருந்தேன்" என்ற அளவு போதும்.

இந்தச் சீட்டுகளை இரண்டாம் வாசிப்பில் சேகரிக்க முடியாது. ஒருமுறை உண்மை தெரிந்துவிட்டால், தெரியாமல் இருந்த நிலை எப்படி இருந்தது என்பதை மனம் மறந்துவிடுகிறது. முன்பே ஊகித்துவிட்டதாகவும் பெருமை பேசும். எட்டுப் பேரும் தனித்தனியே சீட்டு வைத்ததால் ஒரே நாவலில் ஏமாந்த இடங்கள் மூன்று வகையாகப் பிரிந்து கிடந்தன. பிறகு இரகசியம் வெளிப்படும் இடங்களை முடிவு செய்தபோது அந்தச் சீட்டுகள்தான் கைகொடுத்தன. நூலை முடித்தவுடன் சீட்டுகளை எடுத்து ஓர் உறையில் போட்டு, உறையின் மேல் நூலின் எண்ணை எழுதிவிடுங்கள்.

5. இரண்டாம் வாசிப்பும் அட்டை எழுதுதலும்

இப்போது முதல் நூலிலிருந்து மறுபடியும் தொடங்கி, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும். ஒரு பாத்திரத்துக்கு ஒன்று என்று கணக்கிடாமல் ஒரு பெயருக்கு ஒன்று என்று கணக்கிடுங்கள். ஒரே ஆள் மூன்று கடவுச்சீட்டு வைத்திருந்தால் மூன்று அட்டை. மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்கு இப்போது தெரியும். படிக்கும் வாசகருக்கு இன்னும் தெரியாது.

உண்மையான நாவலின் அட்டையைக் காட்டினால் அதைப் படிக்காதவருக்குக் கதை உடைந்துவிடும் என்பதால், மாதிரிக்கு ஒரு கற்பனைப் பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். அட்டை இப்படி இருக்கும்:

பெயர்: ஹெல்கா (குடும்பப் பெயர் தரப்படவில்லை).
முதலில் வருவது: 1:4.
நூல் சொல்வது: பெர்லினில் பூக்கடை வைத்திருக்கிறார், இடது கையில் தீக்காய வடு.
யார் சொன்னது: கடையைப் பற்றிக் கதைசொல்லி; வடுவைப் பற்றி விசாரணை அதிகாரி ஒருவர்.
மீண்டும் வருவது: 1:9, 2:3, 4:17.
வெளிப்படும் இடம்: 4:17 (சிவப்பு மையில்).
ஐயம்: 2:3-இல் வடு வலது கையில்.

முதல் ஐந்து வரிகள் நீல மையில் இருக்க வேண்டும். வெளிப்படும் இடமும் அதற்குப் பின்னால் தெரியவந்த எதுவும் சிவப்பு மையில் மட்டுமே எழுதப்பட வேண்டும். பின்னர் தொகுக்கும்போது நீலம் ஒரு பகுதிக்கும் சிவப்பு இன்னொரு பகுதிக்கும் போகும் என்பதால், இந்தப் பிரிவினை தொடக்கத்திலேயே நடந்துவிட வேண்டும். எழுதி முடித்த பிறகு பிரிக்கலாம் என்றிருந்ததுதான் எங்கள் முதல் கையேடு கெட்டுப்போனதற்குக் காரணம்.

ஐயம் என்ற வரியைக் காலியாக விடத் தயங்காதீர்கள். ஆனால் அந்த வரியே இல்லாமல் அட்டை அடிக்காதீர்கள். முரண்பாட்டைக் காணும்போது எழுத இடமில்லாவிட்டால், மனிதர் மனம் முரண்பாட்டையே கண்டும் காணாமல் விட்டுவிடும்.

6. யார் சொன்னது என்பதைப் பிரித்தல்

குடும்ப நாவலுக்குக் கையேடு எழுதுபவருக்கு இந்தப் படி தேவைப்படாது. ஒற்றர் கதையில் பாதிப் பேர் பொய் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள். எனவே "இவர் வியன்னாவில் பிறந்தவர்" என்று எழுதுவதற்கு முன், அதைச் சொன்னது கதைசொல்லியா, அலுவலகக் கோப்பா, இன்னொரு பாத்திரமா, அல்லது அவரே விசாரணையில் சொன்னதா என்று பார்க்க வேண்டும்.

நாங்கள் நான்கு குறிகள் வைத்துக்கொண்டோம்: கதைசொல்லி என்றால் 'க', கோப்பு என்றால் 'கோ', பிறர் வாய்மொழி என்றால் 'பி', தன் வாய்மொழி என்றால் 'த'. தன் வாய்மொழி மட்டும் உள்ள செய்தியைக் கையேட்டில் "என்று கூறுகிறார்" என்றே முடிக்க வேண்டும். கோப்பையும் முழுதாக நம்பக்கூடாது. கோப்பைத் திருத்துவதும் அந்த உலகில் ஒரு வேலைதான். கதைசொல்லி தன்மையில் பேசுபவராக இருந்தால் அவரையும் 'த' என்றே கொள்ளுங்கள்.

7. வெளிப்படும் இடத்தைக் காத்தல்

ஒருவர் இரட்டை உளவாளி என்பதை நேரடியாக எழுதாமல் இருக்க எல்லோருக்கும் தெரியும். கையேடு வேறு வழிகளில் காட்டிக் கொடுக்கும். அந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும்.

முதலாவது, பார்வைக் குறிப்பு. எங்கள் முதல் கையேட்டில் ஒரு சங்கேதப் பெயருக்கு எதிரே, இன்னாரைக் காண்க என்று ஒரு பாத்திரத்தின் பெயரை எழுதியிருந்தோம். வட்டத்துக்குப் புதிதாக வந்த கல்லூரி மாணவர் ஒருவர் இரண்டாம் நூலை முடித்த கையோடு அந்தப் பக்கத்தைத் திறந்தார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்த வரியப் படிச்ச பொறவு நான் எதுக்கு அண்ணாச்சி மூணாவது புஸ்தகத்தத் தொறக்கணும்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கையேட்டை அன்றே கலைத்தோம். பார்வைக் குறிப்பு ஒருவழிப் பாதையாக இருக்க வேண்டும்: இரகசியம் வெளிப்பட்ட பகுதியிலிருந்து அது மறைந்திருக்கும் பகுதிக்குச் செல்லலாம், மறைந்ததிலிருந்து வெளிப்பட்டதற்கு வழி இருக்கக்கூடாது.

இரண்டாவது, குறிப்பின் நீளம். முதல் நூலில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் ஒரு பணியாளுக்கு அரைப் பக்கம் ஒதுக்கினால், வாசகர் அவரைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார். மறைந்த பகுதியில் அந்தப் பாத்திரத்துக்கு அதுவரை உள்ள முக்கியத்துவத்துக்கு ஏற்ற வரிகளே இருக்க வேண்டும்.

மூன்றாவது, தமிழின் வினைமுற்று. இதை ஆங்கிலக் கையேடுகளைப் பார்த்துக் கற்க முடியாது. நம் மொழியில் வினைமுற்றே ஆளின் பாலையும் நாம் அவருக்குத் தரும் மதிப்பையும் காட்டிவிடுகிறது. எங்கள் நண்பர்கள் தம்மை அறியாமலே கதாநாயகர்களுக்கு "சென்றார்" என்றும், துரோகிகளுக்கு "சென்றான்" என்றும் எழுதியிருந்தார்கள். மூன்றாம் நூலில் வெளிப்பட வேண்டிய துரோகம் முதல் நூலின் குறிப்பிலேயே ஒரு 'ஆன்' விகுதியில் உட்கார்ந்திருந்தது. சங்கேதப் பெயரால் மட்டும் அறியப்படும் ஒருவர் ஆணா பெண்ணா என்பதே மர்மமாக இருக்கும் கதைகளில் இது இன்னும் மோசம். ஆகவே தூதுவர் முதல் கொலையாளி வரை அனைவருக்கும் 'ஆர்' விகுதியே, விதிவிலக்கு கிடையாது.

நான்காவது, காலம். "பணியாற்றினார்" என்று இறந்த காலத்தில் எழுதினால், இப்போது இல்லை போலும் என்று வாசகர் கணக்கிடுவார். மறைந்த பகுதி முழுவதையும் நிகழ்காலத்தில் எழுதுங்கள்: பணியாற்றுகிறார், வசிக்கிறார், ஐயுறுகிறார்.

இவ்வளவும் செய்த பிறகு கையேட்டை இரண்டாகப் பிரியுங்கள். முன்பகுதிக்குப் 'படிக்கும்போது' என்றும் பின்பகுதிக்குப் 'படித்து முடித்தபின்' என்றும் தலைப்பிட்டோம். நீல மை முன்பகுதிக்கும் சிவப்பு மை பின்பகுதிக்கும் போயின. ஒரே பக்கத்தில் நூல் வாரியாகக் கோடு போட்டு, உங்கள் நூலுக்கு மேல் படிக்காதீர்கள் என்று எழுதிப் பார்த்தோம், கண் கேட்கவில்லை. இப்போது பின்பகுதியின் விளிம்பை ஸ்டேப்ளர் கொண்டு மூடிவிடுகிறோம். பிரிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அவ்வளவுதான் தேவை.

8. காலக்கோடு அமைத்தல்

நீள நோட்டில் ஓர் ஆண்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம் உலக நிகழ்ச்சி, வலப்பக்கம் கதை நிகழ்ச்சி. பெர்லின் சுவர் எழுந்தது 1961 ஆகஸ்ட் 13, திறந்தது 1989 நவம்பர் 9. இந்த இரண்டு தேதிகளை மட்டும் முதலில் எழுதினாலே, பனிப்போர் நாவல்களின் தேதியிடாத பல காட்சிகள் எந்தப் பக்கம் விழும் என்பது விளங்கிவிடும். சோவியத் உளவு அமைப்புக்கு கேஜிபி என்ற பெயர் 1954-இல்தான் வந்தது. 1951-இல் நடக்கும் கதையில் அந்தப் பெயர் வந்தால் ஐயம் வரியில் குறியுங்கள்.

ஆசிரியரின் முன்குறிப்பையும் சரிபாருங்கள். 1957-இல் வந்த 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நாவலின் முன்குறிப்பில், ஸ்மெர்ஷ் என்னும் சோவியத் உளவு அமைப்பு அன்றும் இயங்குவதாக ஃப்ளெமிங் சொல்கிறார். அந்தப் பெயருடைய அமைப்பு உண்மையில் இருந்தது. ஆனால் 1943-இல் தொடங்கி 1946-இல் முடிந்துபோனது. முன்குறிப்பும் கதையின் ஒரு பகுதியே என்று கொண்டால் குழப்பம் இல்லை.

பாத்திரங்களின் வயதுதான் பெரும் சிக்கல். 1955-இல் வந்த 'மூன்ரேக்கர்' நூலின்படி, பாண்ட் நாற்பத்தைந்தில் களப்பணியிலிருந்து விலக வேண்டும். அதற்கு இன்னும் எட்டு ஆண்டுகள் உள்ளன. அப்படியானால் வயது முப்பத்தேழு, பிறந்தது 1918-ஐ ஒட்டி. 1964-இல் வந்த நாவலில் உள்ள ஒரு நாளிதழ்க் குறிப்பு, பள்ளியை விட்டபோது பதினேழு வயது என்றும், 1941-இல் வயதைப் பத்தொன்பது என்று கூட்டிச் சொல்லிப் பணியில் சேர்ந்தார் என்றும் கூறுகிறது. அந்தக் கணக்குப்படி பிறந்தது 1924-ஐ ஒட்டி. (அது என்ன குறிப்பு, ஏன் நாளிதழில் வந்தது என்பதை ஏழாம் படியின் மரியாதை கருதி இங்கே சொல்லவில்லை.) லெ காரேயின் நாயகர் ஜார்ஜ் ஸ்மைலியிடமும் இதே சிக்கல்தான். 1961-இல் வந்த முதல் நாவலில் அவர் 1928-இல் உளவுத்துறையில் சேர்க்கப்படுகிறார். 1974-இல் வந்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' நாவலின் கணக்கில் அது 1937 ஆகிவிடுகிறது. தொடர் நீண்டதால் ஆசிரியர் தம் நாயகரை இளைஞராக்கிக்கொண்டார்.

புதியவர்கள் இந்த இடத்தில் சராசரி எடுப்பார்கள், அல்லது ஒன்றைச் சரி என்று தீர்ப்புச் சொல்வார்கள். இரண்டுமே வேண்டாம். இரண்டு ஆண்டுகளையும் சான்றோடு அருகருகே எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கையேடு எழுதுபவர் ஆசிரியரின் கணக்கப்பிள்ளை. கணக்கைத் திருத்தும் உரிமை அவருக்கு இல்லை.

9. சொற்பட்டியல்

துறைச் சொற்களில் மூன்று வகை உண்டு: உண்மையான உளவுத்துறைகள் வழங்குபவை, ஆசிரியரே உண்டாக்கியவை, ஆசிரியர் பயன்படுத்திப் பின்னர் பொது வழக்குக்கு வந்தவை. ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த வகை என்று குறியுங்கள். எதிரியின் அமைப்புக்குள் நெடுங்காலம் ஒளிந்திருப்பவரைக் குறிக்கும் 'மோல்' என்ற சொல் லெ காரேயின் நாவல்களால்தான் பரவலாயிற்று. மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் பிராணியின் பெயர் அது என்று ஒரு வரி சேர்த்தால் நம் வாசகருக்கு உடனே பிடிபடும்.

சொல்லை மொழிபெயர்த்து மட்டும் விட்டுவிடாதீர்கள். லெ காரே தம் உளவுத்துறையைச் 'சர்க்கஸ்' என்கிறார். எங்கள் வட்டத்தில் மூத்தவர் ஒருவர் நான்கு அத்தியாயம் வரை அங்கே யானையும் கோமாளியும் வருவார்கள் என்றே காத்திருந்தாராம். லண்டனில் பல தெருக்கள் கூடும் வட்டச் சந்திப்பை அப்படி அழைப்பார்கள். கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் என்னும் சந்திப்பில் அந்த அலுவலகம் இருப்பதாகக் கதை. இந்த விளக்கத்துக்கு மூன்று வரி போதும், ஆனால் அந்த மூன்று வரி இல்லாமல் தொடரின் முதல் நூறு பக்கங்கள் விளங்காது.

10. பெயர்களைத் தமிழில் எழுதுதலும் அகரவரிசையும்

எல்லைப்புறத்தில் இருப்பவர்களுக்கே உரிய தொல்லை இது. ஆங்கிலத்தில் ஓகாரம் போலவும் ஆகாரம் போலவும் ஒலிக்கும் உயிரைத் தமிழர் 'ஆ' என்றும், மலையாளிகள் 'ஓ' என்றும் எழுதுகிறோம். இங்கே ஆபீஸ், அங்கே ஓபீஸ். இங்கே காலேஜ், அங்கே கோளேஜ். ஆகவே ஒரு நண்பரின் அட்டையில் 'ஜார்ஜ்' என்று இருந்தவர் இன்னொருவர் அட்டையில் 'ஜோர்ஜ்' ஆனார். பாண்ட் 'போண்ட்' ஆனார். வேறு கதையாக இருந்தால் எழுத்துப்பிழை என்று விட்டிருப்போம். ஒற்றர் கதை என்பதால், ஜோர்ஜ் என்பது ஜார்ஜின் மாற்றுப் பெயராக இருக்குமோ என்று ஒரு மாலை முழுவதும் விவாதித்தோம். முதல் கூட்டத்திலேயே பெயர்ப் பட்டியல் ஒன்றை ஒட்டி, எல்லோரும் அதன்படியே எழுதுவது என்று முடிவு செய்யுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒருமுறை எழுதி வைப்பதும் அவசியம். பில் என்ற பெயரும் பிலிப் என்பதன் சுருக்கமும் தமிழில் ஒன்றாகத் தெரியும். பகரம் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்தல்லவா.

குடும்பப் பெயரின் கீழ் வரிசைப்படுத்துங்கள். கதைக்குள் அலுவலகத்தில் ஒருவரையொருவர் அழைப்பது பெரும்பாலும் குடும்பப் பெயரால்தான்.

அட்டைகளைக் கணினியில் ஏற்றி வரிசைப்படுத்தும்போது, வந்த வரிசையை அப்படியே நம்பாதீர்கள். கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண்களின்படி மட்டும் அடுக்கும் மென்பொருளில் 'ஜ' சகரத்தை அடுத்தும், 'ன' நகரத்தை அடுத்தும், 'ற' ரகரத்தை அடுத்தும் வந்துவிடும். நம் நெடுங்கணக்கில் ற, ன இரண்டும் கடைசியிலும் கிரந்த எழுத்துகள் அவற்றுக்குப் பின்னும் வர வேண்டும். புள்ளி வைத்த மெய் உயிர்மெய்க்கு முன்னால் வருவது நம் மரபு. அங்கே பின்னால் போய்விடும். ஆய்த எழுத்தும் அகரத்துக்கு முன்னால் ஏறிக்கொள்வதால், 'ஃப்' என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் கையேட்டின் முதல் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மென்பொருளில் தமிழ் மொழிக்குரிய வரிசை அமைப்பு இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள்; இல்லாவிட்டால் அச்சிட்ட பிறகு கையால் ஒருமுறை சரிபார்ப்பதே வழி. ஆய்தத்தைக் கணக்கில் கொள்ளாமல் 'ஃப' பெயர்களைப் பகரத்தோடு சேர்த்துவிட்டோம். தேடுபவர்கள் அங்கேதான் தேடினார்கள்.

11. சோதனை

கையேட்டை மூன்று பேரிடம் கொடுங்கள். தொடரை முழுதாகப் படித்தவர் பிழைகளைக் காண்பார். மூன்றாம் நூலில் இருப்பவரிடம் பத்துப் பெயர்களைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். எங்கே விரல் தடுமாறுகிறதோ அங்கே அகரவரிசையோ எழுத்துக்கூட்டலோ தவறு. முதல் நூலை மட்டும் படித்தவரிடம் முன்பகுதியை முழுதாகப் படிக்கக் கொடுத்துவிட்டு, துரோகி யாராக இருக்கலாம் என்று கேளுங்கள். சரியாகச் சொல்லிவிட்டால், எந்தக் குறிப்பைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்டு அதைத் திருத்துங்கள். எங்களுக்கு இந்தச் சோதனையில்தான் குறிப்பின் நீளம் காட்டிக் கொடுத்தது தெரிந்தது.

12. மேற்கோளும் அச்சும்

கதைச் சுருக்கத்தை உங்கள் சொந்த நடையில் எழுதுங்கள். மூலத்தின் பத்திகளை மொழிபெயர்த்து ஒட்டாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, விமரிசனத்துக்காக அளவோடு மேற்கோள் காட்டுவதை அனுமதிக்கிறது. ஆனால் ஆசிரியர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். லெ காரே 2020-இல் மறைந்தவர் என்பதை நினைவில் வையுங்கள்.

அச்சிடும்போது அகரவரிசையில் ஒவ்வோர் எழுத்தின் முடிவிலும் அரைப் பக்கம் காலியாக விடுங்கள். கையேட்டின் மேலட்டையின் உட்புறத்தில் பிழைகளைக் குறிக்க ஒரு பட்டியலையும் தேதியையும் போடுங்கள். எங்கள் பிரதியில் அந்தப் பட்டியல் இப்போது நாற்பத்தொன்றாம் வரிசையில் நிற்கிறது. கடைசியாக எழுதப்பட்டிருப்பது, அந்தக் கல்லூரி மாணவர் கண்டுபிடித்த ஓர் 'ஆன்' விகுதி.